வந்தவர் கணக்கும் இருப்பவர் கணக்கும்

ஸ்பெயினின் வடகோடியில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி ஒந்தாரிபியா என்றொரு பாஸ்க் ஊர் இருக்கிறது. 1638இல் பிரெஞ்சுப் படை அந்த ஊரை இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனது. அந்த நினைவாக ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 8ஆம் தேதி ‘அலார்தே’ என்ற விழா நடக்கிறது. ஊரின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிப் படையாகத் திரண்டு, துப்பாக்கி ஏந்தி, முரசும் குழலுமாகத் தெருக்களில் அணிவகுக்கும். மீனவரும் கடைக்காரரும் அன்று ஒரே வரிசையில் நடப்பார்கள். பார்வையாளர் என்று யாரும் தேவைப்படாத விழா அது. ஊர் தனக்குத்தானே நடத்திக்கொண்ட விழா.

1969இல் நகராட்சிக்கு ஒரு யோசனை வந்தது. கோடைக்கு வந்த வெளியூர்க் கூட்டம் நெரிகிறது, எல்லாருக்கும் பார்க்கக் கிடைப்பதில்லை, ஆகவே அணிவகுப்பை ஒரே நாளில் இருமுறை நடத்திவிடலாம் என்பது அந்த யோசனை. உத்தரவும் போட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அணிவகுக்க ஆள் திரட்டுவது பெரும்பாடாகிவிட்டது. கூலி கொடுத்துக் கூப்பிடலாமா என்று பேசும் நிலை வந்தது.

அறுபதுகளின் கடைசியில் அங்கே களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் கிரீன்வுட் இதைக் கட்டுரையாக எழுதினார். வேலின் ஸ்மித் தொகுத்து 1977இல் வெளிவந்த ‘விருந்தோம்புவோரும் விருந்தினரும்’ என்ற நூலில் அது இடம்பெற்றது. ஒரு சமூகம் தன் பண்பாட்டை விற்கச் சம்மதிக்காமலேயே அது சந்தைக்கு வந்துவிடுகிறது என்பது அவர் வாதம். சுற்றுலா பற்றிய வகுப்புகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. அதற்குப் பின் நடந்தது வகுப்புகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1989இல் அதே நூலின் இரண்டாம் பதிப்பு வந்தபோது கிரீன்வுட் ஒரு பின்குறிப்பு சேர்த்தார். விழா அழிந்துவிடவில்லை, சர்வாதிகாரி பிராங்கோவுக்குப் பிந்திய பாஸ்க் அரசியலில் அது புதிய பொருளோடு எழுந்து நிற்கிறது, தன் பழைய தீர்ப்பு அவசரமானது என்று அதில் ஒப்புக்கொண்டார். தொண்ணூறுகளில் அதே அலார்தே வேறொரு சண்டைக்குக் களமானது. பெண்களும் படைவீரராக அணிவகுக்க வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் கேட்டார்கள், ஊர் இரண்டாகப் பிளந்தது. சுற்றுலா கொன்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட விழாவுக்காகத்தான் இத்தனை ஆவேசம்.

ஆய்வாளர் ஒருவர் தன் புகழ்பெற்ற முடிவைத் தானே திருத்தி எழுதியது சிறிய விஷயமல்ல. சுற்றுலாவைப் பற்றிய படிப்பு எப்படி வளர்ந்தது என்பதை அறிய இந்த ஒரு கட்டுரையின் கதையே பாதி போதும். மீதிப் பாதிக்கு இன்னும் பின்னால் போக வேண்டும்.

தொடக்கத்தில் இந்தப் படிப்புக்கு விழாவும் தெரியாது, ஊரும் தெரியாது. தெரிந்தது பணம் மட்டுமே. 1899இல் இத்தாலியின் புள்ளியியலாளர் லூயிஜி போதியோ, தம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டார் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று கணக்கிட்டு எழுதினார். இந்தத் துறையின் ஆரம்ப ஆவணங்களில் ஒன்று அது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரைச் சேர்ந்த யோசெஃப் ஸ்ட்ராட்னர் 1905இல் எழுதியதும், இருபதுகளில் ரோமில் ஆஞ்செலோ மரியோத்தி நடத்திய பாடங்களும் பொருளாதாரமே. 1929இல் பெர்லினில் ராபர்ட் குளுக்ஸ்மன் சுற்றுலாவுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த சிறிது காலத்தில் அது மூடப்பட்டது. ஆங்கிலத்தில் முதல் முறையான பொருளாதார ஆய்வு 1933இல் வந்தது. அதை எழுதிய எஃப்.டபிள்யூ. ஓகில்வி பிற்பாடு பிபிசியின் தலைமை இயக்குநர் ஆனார். சுற்றுலாவைப் படித்தே காலம் தள்ள முடியாத காலம்.

அடுத்த பெரிய அடி போர்க்காலத்தில் வைக்கப்பட்டது என்பது விந்தை. உலகம் எரிந்துகொண்டிருந்த 1941இல், நடுநிலை வகித்த சுவிட்சர்லாந்தில் பெர்ன், செயின்ட் காலன் ஆகிய இரு நகரங்களில் சுற்றுலா ஆய்வு நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. விடுதிகள் காலியாகக் கிடந்தன. ஆராய நேரமும் இருந்தது, கவலையும் இருந்தது. மறு ஆண்டே வால்டர் ஹுன்சிக்கரும் குர்ட் கிராப்பும் சேர்ந்து ஒரு பெரிய பாடநூல் எழுதினார்கள். ஓர் ஊரில் நிரந்தரமாகக் குடியேறாமலும் அங்கே பிழைப்புத் தேடாமலும் வெளியார் வந்து தங்குவதால் உண்டாகும் உறவுகள், நிகழ்வுகள் எல்லாம் சேர்ந்ததே சுற்றுலா என்று அதில் வகுத்தார்கள். பணம் என்ற சொல் இல்லாமல் உறவு என்ற சொல்லோடு வந்த வரையறை அது. விதை அங்கேயே போடப்பட்டுவிட்டது. முளைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

காரணம், போர் முடிந்ததும் எல்லாருக்கும் அவசரம். ஐ.நா. கணக்கின்படி 1950இல் நாடு விட்டு நாடு சென்ற பயணிகள் சுமார் 2.5 கோடி. ஜெட் விமானமும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் அந்த எண்ணை ஆண்டுதோறும் ஏற்றின. 1967ஐ ஐ.நா. சர்வதேச சுற்றுலா ஆண்டாக அறிவித்து, சுற்றுலா அமைதிக்கான கடவுச்சீட்டு என்று முழக்கமிட்டது. இலங்கை 1966இல் சுற்றுலாச் சபை அமைத்துப் பத்தாண்டுத் திட்டம் தீட்டியது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வந்தது 1971இல். கடற்கரையும் வெயிலும் உள்ள ஏழை நாடுகளுக்குச் சுற்றுலா புகையில்லாத தொழிற்சாலை என்று சொல்லப்பட்டது. உலக வங்கி அதற்கெனத் தனித் துறை வைத்துக் கடன் கொடுத்தது.

மானிடவியலாளர்களும் சமூகவியலாளர்களும் மெல்லத்தான் வந்தார்கள். ஊருக்குள் போய்ச் சடங்கையும் உறவுமுறையையும் எழுதுகிறவர்களுக்கு, கழுத்தில் கேமராவோடு வந்திறங்கும் ஆள் ஒரு தொந்தரவு; ஆராய வேண்டிய பொருளாக அவரைக் கருதவில்லை. படம் எடுக்கும்போது அவரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினார்கள், எழுதும்போது பக்கத்துக்கு வெளியே. 1963இல் தெரன் நூன்யெஸ், மெக்சிகோவின் ஒரு கிராமத்துக்கு வார இறுதியில் வரும் நகரத்துப் பணக்காரர்களைப் பற்றி எழுதினார். மானிடவியலில் சுற்றுலாவை நேராகப் பார்த்த முதல் கட்டுரைகளில் அது ஒன்று. அதற்குச் சற்று முன் அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின், பழைய பயணி செத்தான், புதிய சுற்றுலாப் பயணி பொய்யைத்தான் விரும்புகிறான் என்று சாடியிருந்தார். அதில் மேட்டுக்குடி எரிச்சல் கொஞ்சம் தூக்கல்.

டீன் மெக்கானல் அதை மறுத்தார். 1976இல் வந்த தம் நூலில் அவர் சொன்னது இது: பயணி பொய்யைத் தேடவில்லை, உண்மையைத்தான் தேடுகிறான், அதனால்தான் அவனுக்கென்று ஒரு ‘திரைக்குப் பின்’ தயாரித்துக் காட்டப்படுகிறது. சமையலறை தெரியும்படி கட்டிய உணவகம் போல. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் வழிகாட்டி நூல்களைப் புரட்டி, அன்றைய பயணிகள் சாக்கடைச் சுரங்கம், பிணவறை, இறைச்சிக்கூடம், புகையிலை ஆலை இவற்றையெல்லாம் பார்க்கப் போனார்கள் என்று எடுத்துக் காட்டினார். பிறர் உழைப்பை வேடிக்கை பார்ப்பதே நவீன மனிதனின் ஓய்வு என்ற அவருடைய கண்டுபிடிப்பு, ஊட்டித் தேயிலைத் தொழிற்சாலைக்குக் குடும்பத்தோடு டிக்கெட் எடுத்து நுழையும் எவருக்கும் புரியும்.

எழுபதுகளில் துறை உருக்கொண்டது. 1973இல் ஜாஃபர் ஜஃபாரி அமெரிக்காவின் விஸ்கான்சினில் ‘அனல்ஸ் ஆஃப் டூரிசம் ரிசர்ச்’ என்ற ஆய்விதழைத் தொடங்கினார். 1975இல் டாக்ஸி என்ற ஆய்வாளர், பார்படோஸ் தீவையும் கனடாவின் ஒரு சிற்றூரையும் பார்த்துவிட்டு, வருகிறவரைப் பற்றி ஊர்க்காரர் மனம் போகும் போக்கை நான்கு படிகளாகச் சொன்னார்: முதலில் குதூகலம், பிறகு அசட்டை, பிறகு எரிச்சல், கடைசியில் பகை. 1976இல் உலக வங்கியும் யுனெஸ்கோவும் கூட்டிய கருத்தரங்கின் கட்டுரைகளை இமானுவேல் டி காட் 1979இல் நூலாக்கினார். ‘சுற்றுலா: வளர்ச்சிக்கான கடவுச்சீட்டா?’ என்பது தலைப்பு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐ.நா. முழக்கத்தில் இல்லாத கேள்விக்குறி இங்கே வந்து சேர்ந்துவிட்டது. மறு ஆண்டு ரிச்சர்ட் பட்லர் ஒரு வளைகோடு வரைந்தார். ஒரு சுற்றுலாத் தலம் கண்டறியப்பட்டு, வளர்ந்து, தேங்கி, பின் வீழும் அல்லது புத்துயிர் பெறும் என்பது அதன் சாரம். இந்தத் துறையில் இதைவிட அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட படம் அரிது. இதைவிடச் சோம்பேறித்தனமாகக் கையாளப்பட்டதும் அரிது. ஏதோ ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அது வளைகோட்டில் எங்கே நிற்கிறது என்று காட்டிப் பட்டம் வாங்கியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய மானிடவியலாளர் மால்கம் கிரிக் 1982இல் கண்டியில் தங்கிக் களஆய்வு செய்தார். அவர் போய் நின்றது பெரிய ஹோட்டல்களின் வரவேற்பறையில் அல்ல. பதிவில்லாத விருந்தினர் இல்லங்கள், தெருவோரம் வெள்ளைக்காரரை மடக்கிப் பேசும் வழிகாட்டிகள், மாணிக்கக்கல் கடைக்கும் விடுதிக்கும் ஆளைக் கொண்டுபோய் விட்டுக் கமிஷன் வாங்குபவர்கள் என்று திட்ட அறிக்கைகளின் பட்டியலில் வராத மனிதர்களோடு பழகினார். கொழும்பில் சுற்றுலா என்றால் அந்நியச் செலாவணி. கண்டித் தெருவில் அது இன்றைய சாப்பாடு, நாளைய அவமானம், அடுத்த மாதம் வெளிநாடு போகலாம் என்ற நப்பாசை. தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. கையில் குறிப்பேடு, பையில் திரும்பும் டிக்கெட், வெளுத்த தோல். தெருவழிகாட்டியின் கண்ணுக்கு ஆய்வாளரும் இன்னொரு சுற்றுலாப் பயணிதானே என்ற கேள்வியைத் தம் துறையின் முன்னே வைத்தார். அந்த ஆண்டு இலங்கைக்கு வந்தவர் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறை. ஐந்தே ஆண்டுகளில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. கிரிக்கின் நூல் வெளிவந்தது 1994இல். அவர் எழுதிய தெரு அப்போது வேறு தெருவாகியிருந்தது.

ஜஃபாரி இந்தப் போக்கைப் பிற்பாடு நான்கு மேடைகளாக வகுத்துச் சொன்னார். முதலில் சுற்றுலாவைப் புகழ்ந்தோர், அடுத்து எச்சரித்தோர், பிறகு வேறு வகைச் சுற்றுலா உண்டா என்று தேடியோர், கடைசியில் அறிவாக மட்டும் ஆராய்வோர். நேர்த்தியான வரிசை. ஆனால் நடப்பு அப்படி இல்லை. முதல் மேடையை யாரும் காலி செய்யவில்லை, அங்கே இப்போதுதான் கூட்டம் அதிகம். தொண்ணூறுகளுக்குப் பின் வணிக மேலாண்மைக் கல்லூரிகள் இத்துறையைத் தத்தெடுத்துக்கொண்டன. ஆய்விதழ்களும் பெருகின. பயணி திருப்தியா, மீண்டும் வருவாரா, நண்பர்களுக்குச் சொல்வாரா என்று ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடச் சொல்லும் கேள்வித்தாள் ஆய்வுகள் மலைபோல் குவிந்தன. ஜான் ட்ரைப் என்ற பிரிட்டன் ஆய்வாளர் 1997இல், சுற்றுலாப் படிப்பு ஒரு தனித் துறையே அல்ல, அப்படி ஆக வேண்டிய அவசியமும் இல்லை என்று எழுதினார். கேட்டவர்கள் கோபப்பட்டார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இத்துறையின் சிறந்த வேலைகளைச் செய்தவர்கள் மானிடவியல், புவியியல், சமூகவியல் என்று வேறெங்கிருந்தோ வந்தவர்களே.

இன்னொரு குறை மேற்கின் கண்ணாடி. விமானமேறி வரும் வெளிநாட்டவரே பயணி என்ற எண்ணத்தில் பிறந்த கோட்பாடுகள், ஆசியாவில் சொந்த நாட்டுக்குள்ளேயே பயணிக்கும் பெருங்கூட்டத்தின் முன்னால் திணறின. சுரிந்தர் பரத்வாஜ் 1973இலேயே இந்துத் தலயாத்திரைகளின் புவியியலை நூலாக எழுதியிருந்தார். ஆனால் யாத்திரை ஆய்வு ஒரு பக்கம், சுற்றுலா ஆய்வு ஒரு பக்கம் என்று நீண்ட காலம் தனித்தனியே நடந்தன. திருச்செந்தூருக்குப் போய் முருகனைக் கும்பிட்டு, கடலில் குளித்து, வரும் வழியில் குற்றாலத்தில் நின்றுவிட்டு வரும் குடும்பத்தை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

அரசுக்கு அந்தக் குழப்பம் இல்லை, எல்லாரையும் ஒரே எண்ணில் சேர்த்துவிடும். 2018இல் தமிழ்நாட்டுக்கான உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் 38 கோடிக்கு மேல் என்கிறது அதிகாரபூர்வப் புள்ளிவிவரம். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகையே ஏழேகால் கோடிதான். இது வருகைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஒருவரே பல முறை எண்ணப்படுவார். மாநிலம் முதலிடம், இரண்டாமிடம் என்ற செய்திக் குறிப்பில் அந்த வேறுபாடு காணாமல் போகிறது. 1899இல் போதியோ கேட்ட அதே இரண்டு கேள்விகள், எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்பவை மட்டுமே இன்னும் கேட்கப்படுகின்றன. இடையில் நூற்றிருபது ஆண்டு ஆய்வு நடந்ததற்கான தடயம் அந்தக் குறிப்பில் இல்லை.

அந்த ஆய்வில் ஒரு கிளை இப்போது தமிழ்நாட்டின் வாசலுக்கு வந்திருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வந்தது. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் வரம்பு வைக்கப்படவில்லை. வணிகர்கள் ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் கடைகளை அடைத்தார்கள். மலைகள் எவ்வளவு தாங்கும் என்று கண்டறியும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது.

தாங்குதிறன் என்ற இந்தக் கருத்து மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்தது. இத்தனை ஏக்கர் புல்லுக்கு இத்தனை மாடு என்பது அதன் மூலக்கணக்கு. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஆலன் வாகர், காட்டுக்கு உல்லாசமாக வரும் மனிதருக்கும் இதைப் பொருத்திப் பார்க்க முயன்று 1964இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். மண்ணும் மரமும் எவ்வளவு தேயும் என்று அளந்தால் விடை கிடைத்துவிடும் என்ற நினைப்பில் தொடங்கியவர், சீக்கிரமே மனிதரின் விருப்பங்களையும் மதிப்புகளையும் கணக்கில் சேர்க்காமல் விடை கிடைக்காது என்று கண்டுகொண்டார். தனிமை தேடி வருபவருக்குப் பத்துப் பேரே கூட்டம். திருவிழா தேடி வருபவருக்குப் பத்தாயிரமும் போதாது. 1985இல் அதே வனத்துறை மொன்டானாவின் காட்டுப் பகுதிக்கென வகுத்த புதிய முறையில் கேள்வியையே மாற்றிவிட்டது. எத்தனை பேர் என்பது போய், எவ்வளவு மாற்றம் வரை பொறுத்துக்கொள்ளலாம், அதை யார் முடிவு செய்வது என்பது கேள்வியானது.

ஆகவே 6,000 என்பதை அறிவியல் அளந்து கொடுத்த எல்லை என்று ஊட்டியில் யாரும் நினைக்க வேண்டியதில்லை. நெரிசலுக்குப் போட்ட முதல் கடிவாளம் அது, தேவையான கடிவாளமும்கூட. ஆனால் ஆய்வு நிறுவனங்கள் சாலையின் அகலத்தையும் வாகன நிறுத்தத்தின் கொள்ளளவையும் அளந்து இன்னொரு எண்ணைக் கொடுத்துவிட்டால், வாகர் 1964இல் தாண்டி வந்த இடத்துக்கே தமிழ்நாடு போய்ச் சேரும். வாகனத்தை எண்ணுவது சுலபம். சீசனில் ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் கூடுகிறது, ஹோம்ஸ்டே பெருகிய தெருக்களில் வாடகைக்கு வீடு தேடும் ஆசிரியை எங்கே போகிறார், லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி நிரம்பும்போது எந்தக் குடியிருப்பின் குழாய் வறள்கிறது, தோட்டத் தொழிலாளி வீடு திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்பவற்றையும் அளக்கலாம். டாக்ஸியின் நான்கு படிகளில் ஊட்டி வியாபாரி ஒரு படியிலும் அதே ஊர்ப் பள்ளி மாணவி வேறொரு படியிலும் நிற்கக்கூடும். ஊர் என்பது ஒரே மனம் அல்ல என்று டாக்ஸியைத் திருத்தியவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

பெரிய கணக்கும் ஒன்று இருக்கிறது. 2018இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ ஆய்விதழில் மான்ஃப்ரெட் லென்சனும் சகாக்களும், உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவைச் சார்ந்தது என்று கணக்கிட்டார்கள். பயணியின் உணவு, கடைப்பொருள், விடுதி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. புகையில்லாத தொழிற்சாலை என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். 2019இல் 146 கோடியாக இருந்த சர்வதேச வருகைகள் பெருந்தொற்றால் 2020இல் சுமார் 40 கோடியாகச் சரிந்தபோது, இனி சுற்றுலா மாறும் என்று ஆய்விதழ்கள் நிறைய எழுதின. மாறவில்லை. எண்ணிக்கை திரும்பியதும் பார்சிலோனாவிலும் கேனரித் தீவுகளிலும் ஊர்க்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். வெனிஸ் 2024இல் பகல்நேர வருகையாளரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டின் கையில் இப்போது ஒரு புதையல் இருக்கிறது. எந்த வாகனம், எத்தனை பேர், அன்றே திரும்புகிறார்களா, தங்கினால் எங்கே என்று இ-பாஸ் கேட்கிறது. ஐந்தில் ஒன்றை வட்டமிடும் கேள்வித்தாளோடு மல்லுக்கட்டும் சுற்றுலா ஆய்வாளர் கனவிலும் காணாத தரவு இது. பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு மாதந்தோறும் அதைப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிடுவதில் அரசுக்குப் பெரிய செலவில்லை. அதோடு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கு ஒருமுறை குடியிருப்போரிடம் கணக்கெடுப்பு நடத்தலாம். அந்த முடிவை வருகை எண்ணிக்கை வெளியாகும் அதே அறிக்கையில், அதே பக்கத்தில் அச்சிடலாம். ஐஐடி, ஐஐஎம் அறிக்கை நீதிமன்றக் கோப்போடு நின்றுவிடாமல் தமிழிலும் வெளியாகி, மலைக் கிராமங்களின் கிராம சபைகளில் வாசிக்கப்பட வேண்டும். எவ்வளவு மாற்றம் வரை பொறுக்கலாம் என்ற கேள்விக்கு அங்கே இருப்பவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.